காய்ச்சல் போயும் இருமல் நிற்கவில்லை: பிராங்கைட்டிஸ் நுரையீரலைக் கெடுத்துவிடுமா?

கேள்வி:
அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இருமலும் மஞ்சள் சளியும் போகவில்லை. டாக்டர் பிராங்கைட்டிஸ் என்கிறார், ஆன்டிபயாடிக் எதுவும் எழுதவில்லை. பயமாக இருக்கிறது. நுரையீரல் பாதிக்குமா?

பதில் 1:
பயப்படாதீர்கள். மூச்சுக்குழாய்களின் உள்சுவர் வீங்கிச் சளி அதிகமாகச் சுரப்பதுதான் இது. காற்றுப் பைகளுக்குள் தொற்று இறங்கினால் அது நிமோனியா, அது வேறு. திடீரென்று வரும் பிராங்கைட்டிஸ் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, அதனால் டாக்டர் செய்தது சரிதான். சளி மஞ்சளாக இருப்பதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது. இருமல் அடங்க 3 வாரம்கூட ஆகலாம்.

பதில் 2:
அப்பா புகைபிடிப்பவரா? அதுதான் முக்கியமான கேள்வி. குழாய்க்குள் இருக்கும் நுண்மயிர்கள்தான் சளியை மேலே தள்ளுகின்றன, புகை அவற்றை முடக்கிவிடும், சளி அங்கேயே தேங்கும், அப்புறம் குழாய் குறுகி மூச்சு வாங்கும். வருடத்தில் 3 மாதம் சளியோடு இருமல், அதுவும் தொடர்ந்து 2 வருடம் என்றால் நாட்பட்ட பிராங்கைட்டிஸ். அந்தப் பாதிப்பு முழுவதும் சரியாகாது, ஆனால் புகையை விட்டால் மோசமாவது குறையும்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், பல வருடப் பழக்கம். இன்றே பேசுகிறேன்.

பதில் 1:
பேசுங்கள். மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், நெஞ்சு வலி, திரும்பக் காய்ச்சல், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.