பானட்டில் கல் தெறித்த புள்ளிகள்: கம்பெனி பெயின்ட்டைக் கெடுக்காமல் சரிசெய்வது எப்படி?

கேள்வி (செங்கல்பட்டுப் பயணி):
வணக்கம். செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறேன். ஜல்லி ஏற்றிய லாரிகளின் பின்னால் போக நேர்வதால், 3 ஆண்டுகளே ஆன என் சிவப்பு நிறக் காரின் பானட் முன்விளிம்பில் 14 இடங்களில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. பெரும்பாலானவை நொய்யரிசி அளவுதான். இரண்டில் மட்டும் துரு தெரிகிறது. பட்டறையில் பானட் முழுவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். டச்-அப் பெயின்ட் (சிறு பெயர்வுகளை மூட, மூடியில் தூரிகையோடு வரும் சிறு புட்டிப் பெயின்ட்) வாங்கி ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்தேன். அது மரு போலப் புடைத்து நிற்கிறது. உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யலாமா?

பதில் 1 (வண்ணக்காரர்):
முழு பானட்டுக்கும் பெயின்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலையில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களைப் பொருத்துமுன் வெற்று உடலை ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சுட்டுப் பெயின்ட்டை இறுக்குகிறார்கள்; பட்டறையில் பெயின்ட் அடிக்கும் மூடிய அறையில் 60 டிகிரி அளவுக்கே சூடேற்ற முடியும் என்பதால், கம்பெனி பெயின்ட்டின் உறுதியை அங்கே அப்படியே பெறுவது கடினம்.

ஆனால் அந்தப் பெயின்ட் மெல்லியது. எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் பொதுவாக 100 மைக்ரானை ஒட்டியே இருக்கும். அதில் நிறத்துக்கு மேலுள்ள கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த அடுக்குதான். புடைப்பைச் சமன்செய்யத் தேய்க்கும்போது அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டும் கரையும். சிவப்பு வண்டியில் அந்த இடம் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். எனவே தேய்க்காதீர்கள்.

மூடியோடு வரும் தூரிகை இதற்கு மிகத் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வையுங்கள், அது தானே விளிம்புவரை பரவும். பெயின்ட் காயும்போது சுருங்கும் என்பதால் ஒரே தடவையில் நிரப்ப முயலாமல், மெல்லிய பூச்சாக 3 அல்லது 4 முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே வைக்க வேண்டும். வெயிலில் சுடும் பானட்டில் இதைச் செய்யக் கூடாது. நிறக் குறியீட்டை வண்டியிலுள்ள தகட்டைப் பார்த்தே வாங்குங்கள். கண்ணளவில் தேர்ந்தெடுத்த சிவப்பு ஒத்துப்போகாது.

பதில் 2 (பழைய வண்டிப் பிரியர்):
தேய்க்கவே கூடாது என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஒரு வாரம் நன்கு இறுகவிட்டு, பென்சில் முனையளவு சிறு கட்டையில் 2500 எண் உப்புத்தாளை ஒட்டி, சோப்புநீர் விட்டு, புடைப்பின் தலையை மட்டும் தொட்டால் சுற்றுப்புறம் கெடாது. ஆனால் தடிமன் அளக்கும் கருவி இல்லாதவரும், முன்பே பாலிஷ் போட்ட வண்டி வைத்திருப்பவரும் இதில் இறங்க வேண்டாம்.

துருப்பிடித்த இரண்டையும் முதலில் கவனியுங்கள். துருவின் மேல் பெயின்ட் வைத்தால் அது உள்ளே பரவிச் சுற்றியுள்ள பெயின்ட்டையும் தூக்கிவிடும். ஊசிமுனையால் பழுப்பைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, பிரைமர் எனும் அடிப்பூச்சை ஒரு சொட்டு வைத்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும். அடிப்பூச்சு பெயராத மற்றப் புள்ளிகளுக்குப் பிரைமர் தேவையில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஏற்கெனவே புடைத்துவிட்ட புள்ளியை என்ன செய்வது?

பதில் 3 (வண்ணக்காரர்):
டச்-அப் பெயின்ட் காற்றில் காய்வது என்பதால் தின்னரில் கரையும்; சுட்டு இறுகிய கம்பெனி பெயின்ட் ஓரிரு நொடித் தொடுதலைத் தாங்கும். பழைய ஏடிஎம் அட்டையில் பருத்தித் துணியை இறுகச் சுற்றி, நுனியில் மட்டும் தின்னரைத் தொட்டு, புடைப்பின் மேல் ஒருமுறை அழுத்தாமல் இழுங்கள். உயரம் குறையும், பள்ளத்திலுள்ளது தங்கிவிடும். பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பாகத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே அடிப்பெயின்ட்டே கரைந்துவிடக்கூடும்.