மறு: லேட்டன்ட் இமேஜுக்கு ‘மறை பிம்பம்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

கேமராவில் எடுத்து, இன்னும் கழுவாத (டெவலப் பண்ணாத) பிலிமில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பதிவுதான் லேட்டன்ட் இமேஜ். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுத நேரம் வாய்க்கவில்லை. இன்று ஞாயிறு, பாத்ரூமை இருட்டறையாக்கி இரண்டு ரோல் கழுவி கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன், காயும் வரை எழுதலாம்.

> லேட்டன்ட் என்றால் மறைந்திருப்பது. ‘மறை பிம்பம்’ போதாதா? எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான், ஆனால் பொருள் இடிக்கிறது. மறைந்தது என்றால் முழுசாக ஒன்று இருந்து, அதன் மேல் ஏதோ மூடியிருக்க வேண்டும். பிலிமில் நடப்பது அதுவல்ல. ஜெலட்டினில் சில்வர் புரோமைடு படிகங்கள் கிடக்கின்றன. ஒளி பட்டதும் புரோமைடிலிருந்து எலக்ட்ரான் விடுபட்டு, படிகத்தில் ஏதோ ஒரு குறையுள்ள இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. அதைத் தேடி ஒரு வெள்ளி அயனி வந்து அணுவாகிறது. இப்படி மூன்று நான்கு அணு ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் தயார். 1938இல் கர்னி, மாட் (Mott) என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எழுதிய விளக்கத்தின் சாரம் இதுதான். ஒரு படிகத்தில் வெள்ளி அயனிகள் நூறு கோடிக் கணக்கில் இருக்கும், அதில் நான்கே நான்கு. சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலும் தெரியாது. கழுவப் பயன்படும் ரசாயனக் கரைசலான டெவலப்பர் வந்துதான் அந்த நாலு அணுவைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் கருப்பு வெள்ளியாக்குகிறது. ஆக, மறைந்து கிடந்த படம் வெளியே வரவில்லை, இல்லாத படம் அங்கேதான் வளர்கிறது.

(அந்தக் ‘குறையுள்ள இடம்’ எப்படி வருகிறது என்பது தனிக் கதை. ஜெலட்டினில் ஒட்டியிருக்கும் கந்தகம்தான் பெரும்பாலும் காரணம் என்று 1920களில் கோடாக் பிலிம் கம்பெனியில் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து வருவதுதானே, மாடு தின்ற கடுகுச் செடியிலிருந்து வந்த கந்தகம்! மாடு வேறு எதையாவது மேய்ந்திருந்தால் பிலிமுக்கு வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், கிடையாது.)

> பள்ளிப் பாடநூலில் லேட்டன்ட் ஹீட்டுக்கு உள்ளுறை வெப்பம் என்று ஏற்கெனவே இருக்கிறது. அதே தடத்தில் ‘உள்ளுறை பிம்பம்’ என்று வைப்போம். புதிது எதற்கு?

ஐயா, உங்கள் பரிந்துரையை மறுக்கத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் வரை பின்னால் நிற்கும் சொல், சும்மா தள்ள முடியாது. ஆனாலும் உள்ளுறை வெப்பத்தில் வெப்பத்தின் அளவு முழுசாக உள்ளே இருக்கிறது, நீர் பனிக்கட்டியானால் அதே அளவு திரும்பி வருகிறது. உள்ளுறை உவமத்திலும் கவிஞர் பொருளை முழுசாக வைத்துவிட்டார், நாம் தோண்டி எடுக்கிறோம். இங்கே அப்படி இல்லையே. 400 வேக ரோலை 1600 என்று வைத்து எடுத்துவிட்டுக் கூடுதல் நிமிடம் கழுவுகிறோம், புஷ் பண்ணுகிறோம் என்கிறோமே, அந்த ரோலையே வழக்கமான நேரத்துக்குக் கழுவியிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். உள்ளே இருந்தது ஒன்றுதான், வெளியே வருவது நாம் வளர்க்கும் விதத்தைப் பொறுத்தது. இதற்கு ‘உறைதல்’ பொருந்துமா?

யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது போல, அங்கே மறைவெப்பம், விம்பம் என்றுதான் பாடநூலில் வரும், இங்கே உள்ளுறை வெப்பம், பிம்பம். இரண்டில் எதைப் பிடித்தாலும் இன்னொரு கரைக்கு அந்நியமாகிவிடும். அதனாலும் இரண்டையும் விட்டு வேறு பக்கம் தேடினேன்.

என் பரிந்துரை: கருவுரு.

முதல் காரணம், டெவலப்பருக்கு ‘உருத்துலக்கி’ என்று ஒரு சொல் ஏற்கெனவே புழங்குகிறது. கருவுருவைத் துலக்கினால் உரு. தனியாக விளக்க வேண்டியதே இல்லை. இரண்டாவது, கரு என்பதில் கருமையும் இருக்கிறது. ஒளி பட்ட இடம்தானே நெகட்டிவில் கருப்பாகப் போகிறது. மூன்றாவது, கரு கலையும். கருவுருவும் கலையும். வெக்கையிலும் ஈரத்திலும் அந்த நாலு அணு மூன்றாகி இரண்டாகி ஒன்றுமில்லாமல் போகும். இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் ரோலை எடுத்த மூன்று மாதத்துக்குள் கழுவிவிடச் சொல்லி அந்தக் கம்பெனியே எழுதியிருக்கிறது. நான் ஒரு ரோலை எடுத்துவிட்டு பீரோவில் போட்டு மூன்று கோடை கடந்து கழுவினேன், தங்கை கல்யாணத்தில் பாட்டியை எடுத்தது அதில் இருந்தது. பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் சேலைக் கரை மட்டும் லேசாகத் தெரிந்தது, மீதியெல்லாம் சாம்பல். தப்பு முழுக்க என்னுடையது.

ஆனால் குளிர் இருந்தால் கதையே வேறு. 1897இல் ஸ்வால்பார்டிலிருந்து பலூனில் வடதுருவம் போகக் கிளம்பிய ஆந்த்ரே குழு மூன்று பேரும் திரும்பவில்லை. 1930இல்தான் குவிதோயா தீவில் அவர்கள் உடல்களும், பனியில் நனைந்த பிலிம் ரோல்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி என்ற புகைப்படக்காரர் உட்கார்ந்து கழுவி, சுமார் 240 பிரேமில் 93ஐக் காப்பாற்றினார். அதில் ஒன்றில் பலூன் பனிமேல் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் இரண்டு பேர் நின்று பார்க்கிறார்கள், எடுத்தவர் குழுவின் மூன்றாம் ஆள் ஸ்ட்ரிண்ட்பெரி. எடுத்தவர் செத்து முப்பத்து மூன்று வருடம் கழித்துப் பிறந்த படம். எவரெஸ்டில் 1924இல் ஏறப் போய்த் திரும்பாத மேலரியும் இர்வினும் கொண்டுபோன வெஸ்ட் பாக்கெட் கேமராவை இன்னும் தேடுவதும் இந்த நம்பிக்கையில்தான். 1999இல் மேலரியின் உடல் கிடைத்தது, கேமரா இல்லை.

> ஸ்டுடியோக்காரர்கள் ‘கழுவாத படம்’ என்பார்கள். மக்கள் சொல் இருக்கும்போது நாம் ஏன் உருவாக்க வேண்டும்?

மதுரை நண்பரே, நீங்கள் சொல்லும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, டெவலப் பண்ணுவதற்குக் ‘கழுவுதல்’ என்பதை நான் ஒருநாளும் விடமாட்டேன். ஆனால் கழுவாதது ரோல். அந்த ரோலுக்குள் இருப்பதற்குத்தான் இங்கே பெயர் தேடுகிறோம். எடுக்காத புது ரோலும் கழுவாத ரோல்தானே, அதில் ஒன்றும் கிடையாதே.

இந்த வித்தியாசத்தை வினோகிராண்டை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் பிடிபடும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது எடுத்துக் கழுவாமல் விட்ட ரோல் மட்டும் சுமார் 2,500. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அவர் முன்பிருந்தே வேண்டுமென்றே தள்ளிப்போட்டுத்தான் கழுவுவார். எடுத்த அன்றைக்கு இருந்த சந்தோஷமோ எரிச்சலோ மறந்த பிறகு படத்தைப் படமாக மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கருவுருவைத் தொழில்முறையாகப் பயன்படுத்திய ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். இன்னொரு தெருப் புகைப்படக்காரர் விவியன் மேயரும் நூற்றுக்கணக்கான ரோலைக் கழுவாமல் விட்டுப் போனார், ஆனால் அங்கே பணம்தான் இடித்ததோ என்னவோ, இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனம் வரவில்லை.

> ‘கருவுரு’ என்று எழுதினால் எல்லோரும் ‘கருவுறு’ என்றுதான் படிப்பார்கள்.

இது உண்மையான சிக்கல். இந்த மடலைத் தட்டும்போதே கைப்பேசி இரண்டு முறை மாற்றிவிட்டது. ஆனால் கருவுறு என்பது வினை, கருவுற்றாள், கருவுறுதல் என்று விகுதியோடுதான் வரும். பெயர்ச்சொல்லாக நிற்கும் இடத்தில் குழம்பாது. ‘கருப்படிமம்’ என்று மாற்றலாம் என்கிறார்கள் சிலர், படிமம் என்றதும் கவிதைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம்.

டிஜிட்டல் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா (raw) கோப்பையும் இதே சொல்லால் அழைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. ராவை நூறு நகல் எடுக்கலாம், ஒன்று கெட்டால் இன்னொன்று. கருவுருவுக்கு நகல் கிடையாது. இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் அதோடு போச்சு. புகைப்பட முன்னோடி டால்பட் 1840 செப்டம்பரில் வெறும் காகிதம் என்று நினைத்ததில் படம் எழும்பியதைப் பார்த்தபோது, காலிக் அமிலத்தைத் தடவித்தான் பார்த்தார். பிள்ளைகளுக்கு உரசிக் கொடுக்கிறோமே மாசிக்காய், அதிலிருக்கும் அமிலம். நெகட்டிவ், பாசிட்டிவ் என்று பெயர் வைத்தது அவர் நண்பர், விஞ்ஞானி ஹெர்ஷல். அவரும் அன்றைக்கு யாரிடமாவது திட்டு வாங்கியிருப்பார்.

கருவுருவோடு சேர்த்துப் பார்த்த சொற்கள்: அந்த நாலு அணு சேர்ந்த இடத்துக்குக் கருவுரு மையம், அது கலைந்து போவதற்குக் கருவுருத் தேய்வு. இரண்டும் வாயில் நிற்கின்றன. ‘தேய்வு’க்கு இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், தேய்மானம் வேண்டாம், அது டயருக்கு.

கடைசியாக ஒரு உதவி. பழைய சாமான் கடையில் வாங்கிய யாஷிகா கேமரா ஒன்றில் பாதி எடுத்த கருப்பு வெள்ளை ரோல் மாட்டியிருக்கிறது, யாருடையது என்று தெரியாது. ஹெச்சி 110 என்ற டெவலப்பரைக் குளிரவைத்துக் கழுவினால் பழைய பிலிமில் படரும் புகைமூட்டம் குறையும் என்கிறார்கள். நம்மில் யாராவது செய்து பார்த்திருந்தால் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். அதுவரை டப்பாவை ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.