கூன்வண்டு பார்த்த அனுபவம் இருந்தா எழுதுங்க (மலேசியா, ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரம்)

லம்பாக் அடிவாரம்:
நம்ம குழுவுல ஒருத்தர் தென்னை மரத்தடியில பிடிச்ச வண்டுன்னு படம் போட்டிருந்தார். காண்டாமிருக வண்டுன்னு ஒருத்தர், சிவப்புக் கூன்வண்டுன்னு ஒருத்தர், "எதுவா இருந்தா என்ன, மருந்த அடி"ன்னு இன்னொருத்தர். அந்த மூணாவது பதில்தான் எனக்கு உறுத்துது. தோட்டப்புறத்துல நமக்குச் சோறு போடுற கூன்வண்டும் இருக்கு, சோத்துல கை வைக்கிற கூன்வண்டும் இருக்கு. நீங்க எதைப் பார்த்தீங்க, எப்படி அடையாளம் கண்டீங்கன்னு எழுதுங்க.

முதல்ல மூஞ்சியப் பாருங்க. கூன்வண்டுக்குத் தலையே மூக்கா நீண்டிருக்கும், வாய் அந்த மூக்கு நுனியில. மீசை (உணர்கொம்பு) மூக்குலேருந்து கிளம்பி, பாதியில மடங்கி, நுனியில குண்டா முடியும். காண்டாமிருக வண்டுக்கு இருக்கிறது தலை மேல கொம்பு. அது கூன்வண்டுக் கூட்டமே இல்லை.

செம்பனைத் தோட்டத்துப் பேத்தி:
சோறு போடுற வண்டப் பத்தி நான் சொல்றேன், அது எங்க வீட்டுக் கதை. எங்க பாட்டி தோட்டத்து வெளிக்காட்டுல பார்த்த வேலை, செம்பனை (பாமாயில் மரம்) பூவுக்குப் பவுடர் அடிக்கிறது. ஆண் பூவோட மகரந்தத்த டால்க் பவுடர்ல கலந்து, ஊதுற குப்பியில அடைச்சிக் குடுப்பாங்க. காலையில பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சதும் நெரை நெரையாப் போயி, எந்த மரத்துல பெண் பூ விரிஞ்சிருக்குன்னு தேடித் தேடி ஊதணும். முள்ளு குத்தாத கை கிடையாது. ஏன் இந்தப் பாடுன்னா, செம்பனை ஆப்பிரிக்காவுலேருந்து இங்க வந்துச்சே தவிர, அதோட பூவுக்கு வர்ற வண்டு கூட வரலை. காத்தே போதும்னு ரொம்ப காலம் நம்பிக்கிட்டு இருந்திருக்காங்க. இங்க இருந்த இலைப்பேன் கொஞ்சம் அந்த வேலையச் செஞ்சது, அவ்வளவுதான்.

சையத்னு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் கேமரூனுக்குப் போயி, அங்க செம்பனைப் பூவுல மொய்க்கிற கூன்வண்டுங்கதான் காயப் பிடிக்க வைக்குதுன்னு காட்டினார். மத்த பயிரத் தின்னாதான்னு சோதிச்ச பிறகு, 1981ல ஒரு இனத்தைக் கொண்டு வந்து நம்ம குளுவாங் பக்கத்துலதான் முதல்ல விட்டாங்க. எலைடோபியஸ் கேமரூனிக்கஸ்னு பேரு. கொஞ்ச காலத்துல குலை நிறைஞ்சு வந்துச்சு, பவுடர் அடிக்கிற வேலையும் போச்சு. பாட்டியப் புல்லு வெட்டுற கும்பலுக்கு மாத்திட்டாங்க. "நல்ல வண்டுதான், என் வேலையத்தான் தின்னுடுச்சு"ன்னு சொல்லிச் சிரிக்கும்.

பார்க்கணும்னா, விரிஞ்ச ஆண் பூவுகிட்டப் போங்க. சோம்பு வாசனை தூக்கும். அந்த வாசனைக்குத்தான் வண்டு வருது. பெண் பூவும் அதே வாசனைய விட்டு விட்டு வீசி ஏமாத்தும். அங்க தங்கித் தின்ன ஒண்ணும் இருக்காது, ஆனா உடம்புல ஒட்டின மகரந்தத்தை வண்டு இறக்கிட்டுப் போயிடும். ஆண் பூவுலேருந்து ஒரு காம்ப வெட்டி வெள்ளைக் காகிதத்துல தட்டுங்க. மூணு நாலு மில்லிமீட்டர்ல பழுப்புப் பழுப்பா ஓடும். லென்சு வெச்சுப் பார்த்தா, ஆணுக்கு இறக்கை மூடி தொடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு புடைப்பு, ஓரத்துல முடி. பெண்ணு சின்னது, ஆனா மூக்கு நீளம். பூ காஞ்ச பிறகு அதுக்குள்ளேயே புழு வளரும், அதனால காஞ்ச ஆண் பூவ மொத்தமா வெட்டி எரிச்சிடாதீங்க.

எங்க பக்கம் ஒரு தோட்டத்துல புதுசா வந்த சூப்பர்வைசர் இதைப் பார்த்துட்டு "பூவெல்லாம் பூச்சி"ன்னு மருந்துப் பம்போட ஆள் அனுப்பினார். நல்லவேளை, மண்டோர் (வேலையாட்களை மேய்க்கிறவர்) பழைய ஆளு, தடுத்துட்டார்.

அரிசி மூட்டை:
எனக்குத் தெரிஞ்ச கூன்வண்டு அரிசி டின்னுலதான் இருக்கு. மொறத்துல கொட்டினா கால மடக்கிக்கிட்டு செத்த மாதிரி கிடக்கும், கொஞ்ச நேரத்துல ஓடும். முதுகுல நாலு மங்கின சிவப்புப் புள்ளி. மூக்கு இருக்கு, அதனால கூன்வண்டு. மாவு டப்பாவுல வர்ற செவப்பு வண்டுக்கு மூக்கே இல்லை, அது வேற சாதி. என் வண்டு அரிசிக் கூன்வண்டு, சிட்டோஃபிலஸ் ஒரைசேன்னு முடிவு பண்ணிட்டேன், சரிதானே சார்?

பழைய பயாலஜி வாத்தியார்:
பாதி சரிம்மா. சிட்டோஃபிலஸ் வரைக்கும் தைரியமா சொல்லலாம். ஆனா மக்காச்சோளக் கூன்வண்டு, சிட்டோஃபிலஸ் சியாமைஸ், அதுவும் அதே அளவு, அதே நாலு புள்ளி, அதுவும் அரிசியத் தின்னும். உறுதியாப் பிரிக்கணும்னா ஆண் வண்ட அறுத்து இனப்பெருக்க உறுப்ப நுண்நோக்கியில பார்க்கணும். ஒரைசேக்கு மேல்பக்கம் வழவழப்பு, சியாமைஸுக்கு ரெண்டு பள்ளக் கோடு. கைப்பேசிப் படத்த வெச்சு எந்தச் செயலி இனப்பேர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

வீட்டுக்கு அது தேவையும் இல்லை. ரெண்டும் அரிசியில ஓட்டை போட்டு, உள்ள முட்டை வெச்சு, பசை மாதிரி ஒண்ணால மூடிடும். புழு அரிசிக்குள்ளேயே வளர்றதால மேல சலிச்சா போகாது. புது அரிசிய ஒரு வாரம் ஃபிரீசர்ல வைங்க.

தென்னந்தோப்பு மாமா:
படத்துல இருந்த வண்டுக்கு வருவோம். கறுப்பு உடம்பு, கழுத்துல நடுவுல ஒரு சிவப்புக் கோடு. அது ரிங்கோஃபோரஸ் வல்னரேட்டஸ், நம்ம நாட்டுலயே இருந்த பழைய ஆளு. உடம்பே செங்கல் நிறமா, கழுத்துல கறுப்புப் புள்ளியா இருந்தா ஃபெருஜினியஸ், அதுதான் சிவப்புக் கூன்வண்டு. 2007ல திரெங்கானு மாநிலத்துத் தென்னையில கண்டுபிடிச்சது அதைத்தான். மூக்கு மேல பிரஷ் மாதிரி முடி இருந்தா ஆணு, மொழுமொழுன்னு இருந்தா பெண்ணு.

ரெண்டும் சேதத்துல ஒண்ணுதான். காண்டாமிருக வண்டு குருத்தைக் கடிச்சா, ஓலை விரியிறப்ப கத்திரியால வெட்டின மாதிரி முக்கோணமா வெட்டுத் தெரியும். அந்தக் காயத்துல கூன்வண்டு முட்டை வைக்கும். உள்ள போன புழு வெளிய தெரியாது, மரத்துல காது வெச்சா மெல்ற சத்தம் கேக்கும். குருத்து சாயிறப்ப மரம் கை விட்டுப் போச்சு. மரத்த வெட்டிப் பார்த்தீங்கன்னா புழுவுக்குக் கால் இருக்கான்னு பாருங்க. கூன்வண்டுப் புழுவுக்குக் காலே கிடையாது. எருக்குழியில சுருண்டு கிடக்கிற காண்டாமிருக வண்டுப் புழுவுக்கு ஆறு கால் இருக்கும். சரவாக்குல இந்தக் கூன்வண்டுப் புழுவ வறுத்துத் தின்பாங்க, எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

பழைய பயாலஜி வாத்தியார்:
மாமா, நிறத்த வெச்சு மட்டும் பிரிக்கிறதுல பெரிய வழக்கே நடந்திருக்கு. நிறம் கலந்து கலந்து வர்றதால 2004ல ரெண்டும் ஒரே இனம்னு ஒரு ஆய்வு சொல்லுச்சு. 2013ல மரபணுவப் பார்த்துட்டுத் திரும்பப் பிரிச்சிட்டாங்க. கோடு தெளிவா இருந்தா சொல்லுங்க, மங்கலா இருந்தா "ரிங்கோஃபோரஸ்"னு நிறுத்திக்கிட்டு விவசாய இலாகாவுக்குக் காட்டுங்க.

இன்னொண்ணு. அரிசி டின்னு வண்டும் இந்தத் தென்னை வண்டும் ஒரே துணைக்குடும்பம், டிரையாஃப்தோரினே. செம்பனைப் பூ வண்டுதான் ரெண்டுக்கும் தூரத்துச் சொந்தம்.

கிழங்குக் கொல்லை:
எங்க சக்கரவள்ளியில வர்றது எறும்புன்னுதான் அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க. நீல மினுமினுப்பு, கழுத்தும் காலும் சிவப்பு. உத்துப் பார்த்தா மூக்கு இருக்கு, ஆனா மீசை மடங்கலை, நேரா இருக்கு. கிழங்கு கசக்குது. கூன்வண்டா இல்லையா?

பழைய பயாலஜி வாத்தியார்:
சைலஸ் ஃபார்மிகேரியஸ். பெரிய கூன்வண்டுக் கூட்டம்தான், ஆனா வேற குடும்பம், அதனாலதான் மீசை நேரா இருக்கு. மீசையோட கடைசிக் கணு நீளமா இருந்தா ஆணு, முட்டை வடிவத்துல இருந்தா பெண்ணு. கசக்குற கிழங்க மாட்டுக்கும் போடாதீங்க, கொல்லையிலயும் விடாதீங்க. மண்ணு வெடிச்ச இடத்து வழியாத்தான் கிழங்குக்கு இறங்கும், மண்ண அணைச்சு விடுங்க.

லயத்து வீடு:
சின்னப் பிள்ளையில தீப்பெட்டியில வெச்சிருந்தோமே, பச்சைத் தங்கமா ஒண்ணு, தொட்டா விரல்ல பொடி ஒட்டும்! மூக்கு குட்டையா, தடியா இருக்கும். அதுவும் கூன்வண்டுதானாம். பொடி போனா உள்ள வெறும் கறுப்பு.

மூங்கில் வேலி:
எங்க மூங்கில் முளையில ஆரஞ்சு நிறத்துல பெருசா ஒண்ணு உக்காந்திருக்கு. முன்னங்கால் ரெண்டும் மத்த காலவிட ரொம்ப நீளம். தென்னை பக்கத்துலயே நிக்குது, பயமா இருக்கு. மாமா?

தென்னந்தோப்பு மாமா:
முன்னங்கால் அவ்வளவு நீளம்னா அது மூங்கில் கூன்வண்டு, ஆணு. தென்னைக்கு வராதும்மா, முளையத்தான் தின்னும். இருந்தாலும் மேலேருந்து ஒண்ணு, பக்கவாட்டுல மூக்கும் மீசையும் தெரியிற மாதிரி ஒண்ணு, பக்கத்துல அடிக்கோல் வெச்சுப் படம் எடுத்துப் போடு. இருட்டுல எடுக்காத, நிறம் மாறிடும்.