மறுமொழி: சைனீஸ் கேபேஜுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

> "சீன முட்டைக்கோஸ்" என்று போட்டு முடித்துவிடலாமே, எதற்கு இவ்வளவு யோசனை?

முடிக்கலாம்தான். ஆனால் நாம் பொரியல் செய்யும் கோஸின் தாவரவியல் பெயர் பிராசிக்கா ஒலரேசியா. இதுவோ பிராசிக்கா ராப்பா, அதாவது டர்னிப்பின் உடன்பிறப்பு. சரி, இனம் கிடக்கட்டும், உருவத்தைப் பார்ப்போம் என்றால் அங்கேயும் முட்டை இல்லை. ஒன்று சாண் நீளத்துக்கு மேல் உருளையாக வளர்கிறது. கொரியர்களின் ஊறுகாயான கிம்ச்சி போடுவது இதில்தான். இன்னொன்று, பாக் சோய், உருண்டை கட்டுவதே இல்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்தது. நாமும் அப்படியே கட்டவேண்டுமா?

சீனப் பெயரை மொழிபெயர்த்தாலும் தப்பிக்க முடியாது. சீனப் பொதுமொழியான மாண்டரினில் நீளமானது 'தா பைசாய்', பெரிய வெள்ளைக் கீரை. தென்சீனத்துக் காண்டனீசின் 'பாக் சோய்' என்பதும் அதே வெள்ளைக் கீரைதான், செடி மட்டும் வேறு. கொரியரின் 'பேச்சு'வும் பைசாயிலிருந்து வந்தது. (நம் மேடைப்பேச்சுக்கும் இதற்கும் உறவில்லை!)

அடுப்படிக்கு வந்தால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். நீளமானதை நெடுக்காகப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, அலசி, ஒவ்வோர் இதழுக்கும் நடுவில் மிளகாய் விழுதைத் தடவுவார்கள். ஊர்கூடி இப்படிக் கிம்ச்சி போடும் தென்கொரிய வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வடசீனத்தில் இதையே குளிர்காலத்துக்கு அடுக்கிவைத்து, வினிகரும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்குவார்கள். பாக் சோய் அப்படி ஊறி, காத்திருக்கும் சாதி அல்ல. சூடான எண்ணெயில் பூண்டு, முதலில் தண்டு, அப்புறம் இலை, இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும்.

சத்து அட்டவணை போடுபவர்களுக்கும் ஒரே பெயர் ஆபத்து. 100 கிராமில் வைட்டமின் சி நீளமானதில் சுமார் 27 மில்லிகிராம், பாக் சோயில் 45. சுண்ணாம்புச்சத்து 77, 105. பீட்டா கரோட்டினில் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். பாலக்கீரையில் ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாக் சோயில் ஆக்சலேட் குறைவு என்பதால் பாதியளவு உடம்பில் சேர்ந்துவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: உருளையானது நெடுங்கோசு. கோஸைக் கோவா என்னும் இலங்கை நண்பர்கள் நெடுங்கோவா என்று சொல்லிக்கொள்ளலாம், முன்னொட்டு இரண்டுக்கும் ஒட்டுகிறது. 'அடுக்குக்கோசு' என்றும் யோசித்தேன். எல்லாக் கோஸும் அடுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

பாக் சோய்க்குக் கரண்டிக்கீரை. வெள்ளைத் தண்டும் அகன்ற இலையும் பீங்கான் கரண்டி மாதிரியே இருக்கும். காண்டனீசிலும் அதில் ஒரு வகைக்குக் கரண்டிப் பெயர் உண்டு. தண்டுக்கீரை என்று மட்டும் வேண்டாம், அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு கீரைக்குப் போய்விட்டது.

பூந்தண்டோடு சமைக்கும் சோய் சம்முக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாராவது ஆரம்பியுங்கள்.