புதிதாகக் கத்தார், துபாய் போயிருக்கிற மலையகப் பிள்ளைகளுக்கு: சம்பளம் பேசுவதற்கு முன்

ஹட்டன், பொகவந்தலாவை, பதுளைப் பக்கமிருந்து புதிதாகப் போன தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். இங்கிலீஷும் சரியாக வராது, அரபும் வராது, கம்பெனிக்காரனிடம் எப்படிப் பேசுவது? பாஷையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெளிவில்லாமல் போய் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் தமிழராகவே இருந்தாலும் காரியம் நடக்காது.

நம்ம ஊரில் நமக்காகப் பேச எப்போதும் யாராவது இருந்தார்கள். தோட்டத்தில் தலைவர், அவருக்கு மேலே யூனியன், அதற்கும் மேலே கொழும்பில் யூனியன்களும் கம்பெனிகளும் போடுகிற கூட்டு ஒப்பந்தம் என்று போனது, பேசி முடித்த பிறகுதான் எவ்வளவு என்று நமக்குத் தெரியவந்தது. வெளிநாட்டில் உங்களுக்காக நீங்கள்தான் பேச வேண்டும், அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று நடந்த போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகக் கேட்டு 2021 இல் கிடைத்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பல தோட்டங்களில் அதோடு சேர்த்து ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவைக் கூட்டிவிட்டார்கள், அந்தக் கிலோ எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் போட்டார்கள், சில இடங்களில் வேலை நாளும் குறைந்தது. நாள் சம்பளம் கூடியும் மாதக் கடைசியில் கைக்கு வந்தது அந்த அளவுக்குக் கூடவில்லை என்று கொழுந்தெடுக்கிற அம்மாமார் சொல்லி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டிலும் இதே கதைதான். ஒரே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள்.

முதலில் எதற்காகப் போனீர்கள் என்று போனிலாவது எழுதி வையுங்கள். அடகில் இருக்கிற நகையை மீட்கவா, 7 பேர்ச் காணியில் வீடு கட்டவா, தங்கச்சியைப் படிக்க வைக்கவா? மூன்றும் என்றால் எது முதலில்? மாதம் எவ்வளவு வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், எத்தனை வருடம் இருப்பீர்கள், எதை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, எதை விடவே முடியாது. இதையெல்லாம் எழுதிய பிறகுதான் சம்பளக் கணக்கே புரியும்.

அந்தக் கணக்கிலும் ஒரே தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. கத்தாரில் ஒரு தம்பிக்கு இரண்டு வேலை வந்தது என்று வையுங்கள். ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், அலவன்ஸ் 600. இன்னொன்றில் அடிப்படை 1,300, அலவன்ஸ் 250. யாராக இருந்தாலும் 1,600க்குத்தான் கை நீட்டுவார்கள். ஆனால் கத்தாரில் ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள், அதோடு குறைந்தது 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். தினம் இரண்டு மணித்தியாலம், மாதம் 26 நாள் ஓவர்டைம் இருந்தால் முதல் வேலையில் அதற்குச் சுமார் 270 ரியால், இரண்டாவதில் 350. கூட்டிப் பாருங்கள், 1,870க்கு எதிராக 1,900. வேலையை விட்டு வரும்போது தருகிற பணமும் வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம், ஆக அதிலும் இரண்டாவது வேலைதான் மேல். ஓவர்டைமே இல்லாத வேலை என்றால் முதலாவதுதான் சரி. ஆகவே ஓவர்டைம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யவே முடியாது.

சட்டம் போட்டிருக்கிற எல்லையையும் தெரிந்து வைத்திருங்கள். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது, தங்குமிடம் தராவிட்டால் மேலதிகமாக 500, சாப்பாடு தராவிட்டால் 300. இதற்குக் கீழே யாராவது பேசினால் அங்கே பேரம் பேச ஒன்றுமே இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள்.

வீட்டு வேலைக்குப் போன தங்கச்சிமாருக்கு இது இன்னும் முக்கியம். அதே நாட்டில் 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் லீவு. மேடத்திடம் பத்து விஷயத்தை ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு எது இல்லாமல் முடியாது? பிள்ளையோடு தினமும் பேசுவது என்றால் அதை முதலில் கேளுங்கள், ‘கொஞ்சம் போன் பேச விடுங்க மேடம்’ என்று மொட்டையாகக் கேட்காமல், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தைச் சொல்லி, இந்த நேரத்தில் பதினைந்து நிமிஷம் என்று கேளுங்கள். நேரம் குறித்துக் கேட்டதை மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

அப்புறம், நம் வீட்டோடு பேசுவது. எனக்குத் தெரிந்து கம்பெனியிடம் பேசுவதைவிட இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் உடைந்து போகிறார்கள். முதல் சம்பளம் வந்த செய்தி நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பரவிவிடும், மாமாவுக்கு ஆட்டோ லீசிங் கட்ட வேண்டும், சித்திக்குச் சீட்டுக் காசு, திருவிழாவுக்கு நன்கொடை. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, கஷ்டத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் நகையை மீட்கும் வரை மாதம் இவ்வளவுதான், இந்தத் தேதியில்தான் என்று முதல் மாதத்திலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் ஏன் என்றால், கேட்டு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொல்லப் போவது அவர்தான், என்ன சொல்வது என்று தெரியாமல் அவரை நிற்க வைக்காதீர்கள்.