ஜூமில் ஜெர்மன் வகுப்பு: சேர்ந்து சொன்னால் குழப்பம், உச்சரிப்பும் பிடிபடவில்லை

கீழக்கரை டீச்சர்:
நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஜூமில் ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) எடுக்கிறேன். தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் என்று ஆளுக்கொரு ஊர், எல்லோரும் போனில்தான். நான் சொல்ல, அவர்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னால் பாதிக் குரல் காணாமல் போகிறது. ‘நான்’ என்பதற்கான ‘இஹ்’ (ich) என்ற சொல்லை ‘இக்’ என்கிறார்களா, ‘இஷ்’ என்கிறார்களா, அதுவும் தெரியவில்லை. கரண்ட் போனால் வகுப்பே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பாம்பன் மைக்:
டீச்சர், முதலில் ப்ளூடூத் இயர்போனை விடச் சொல்லுங்க. மைக் ஆன் ஆனதும் அது போன் பேசும் முறைக்கு மாறிடும். பழைய மாடல்களில் அப்போது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மையான ஒலி எதுவும் போகாது. ‘ஸ்’ ஒலியின் உயிரே அதற்கு மேலேதான். வயர் வைத்த இயர்போன் போதும். கடல் காற்றில் ஜாக்கு பச்சை பிடித்துக் கரகரக்கும், வகுப்புக்கு முன் உலர்ந்த துணியால் துடைக்கணும்.

அடுத்து ஜூமின் இரைச்சல் நீக்கம். ஃபேன் சத்தத்தோடு ‘ஸ்’, ‘ஷ்’, ‘ஃப்’ ஒலிகளையும் சேர்த்து அரித்துவிடும். ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போட்டால் அது விலகும், ஆனால் ஃபேனும் ஜன்னல் காற்றும் அப்படியே வரும். அதனால் வாசிக்கிற பிள்ளை மட்டும், ஃபேனை நிறுத்திவிட்டுப் போடட்டும்.

தொண்டி வாத்தியார்:
கோரஸ் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு குரலும் வெவ்வேறு தாமதத்தில் வருது, பலமான குரலை முன்னே விட்டு மற்றதை ஜூம் அமுக்கும். எல்லோரும் மியூட்டில் உரக்கச் சொல்லட்டும், ஒருவருக்கு மட்டும் மைக். கேள்வியைக் கேட்டு மூன்று விநாடி விட்டுப் பிறகு பெயரைச் சொல்லுங்க. முதலிலேயே பெயர் சொன்னால் மற்றவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

உச்சரிப்பைத் திருத்த வாட்ஸப் வாய்ஸ் நோட்தான் சரி. போனிலேயே பதிவாகி வருவதால் நெட் விக்கினாலும் ஒலி உடையாது. ஐந்து வாக்கியம், 30 விநாடி. உங்கள் திருத்தமும் குரலிலேயே போகட்டும். ‘இஹ்’ சரியாக வர, நாக்கை ‘ய’ சொல்கிற இடத்தில் வைத்து, குரல் இல்லாமல் காற்றை மட்டும் விடச் சொல்லுங்க. ‘இஷ்’ தானே விலகும்.

ராம்நாடு நெட்:
கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காமல் இருக்க, ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) வாங்குங்க. பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்கணும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் கொடுக்கணும்; இல்லாவிட்டால் வைஃபை காட்டும், நெட் இருக்காது. பிள்ளைகள் வீடியோவை அணைத்தால் ஒலிக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ் நெட் வேகமே போதும். பாடப் பக்கங்களை முன்கூட்டியே பிடிஎஃப்பாக அனுப்பிடுங்க.