எம்.பி.பி.எஸ். ரேங்க்கில் பிளஸ் டூ மார்க்கையும் சேர்க்க வேண்டுமா?

வைகைக்கரை:
இன்றைக்கு பிளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 300-க்கு பொதுப்பிரிவினருக்கு 150, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 120 இருந்தால் போதும். 298 வாங்கியவரும் 151 வாங்கியவரும் ரேங்க் பட்டியலுக்கு ஒன்றுதான். இரண்டு வருடப் படிப்பைத் தள்ளிவிட்டு நீட் நுழைவுத் தேர்வு என்ற ஒரு மதிய நேரத்து மூன்று மணி நேரத்தை மட்டும் பார்ப்பது அநியாயம். நீட்டுக்கு 70, பிளஸ் டூவுக்கு 30 என்று சேர்த்துக் கணக்கிடட்டும்.

மலைக்காற்று:
ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மார்க் மட்டும்தானே பார்த்தார்கள்? அப்போது பாடத்துக்கு 200. உயிரியலை 2-ஆலும், இயற்பியல், வேதியியலை 4-ஆலும் வகுத்து 200-க்கு கட்-ஆஃப். உயிரியலில் ஒரு மார்க் போனால் 0.5 இறங்கும், இயற்பியலில் போனால் 0.25. உச்சியில் ஒரே கட்-ஆஃபில் கூட்டமாக நின்றார்கள். பிறந்த தேதி வரை பார்த்துதான் வரிசைப்படுத்த முடிந்தது. பல தனியார் பள்ளிகளோ பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்தன. நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகிறது, அங்கே அந்த ஏமாற்று நடக்காது.

வைகைக்கரை:
அது பள்ளிகளின் தவறு. நீட் யாருக்குச் சாதகம்? 180 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நான்கு விடையில் இரண்டைக் கழிக்கத் தெரிந்தவர் மீதி இரண்டில் ஒன்றை ஊகித்தாலே கேள்விக்குச் சராசரியாக 1.5 மார்க் லாபம். மைனஸுக்குப் பயந்து விட்டுவிடும் கிராமத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர கோச்சிங் வேண்டும், காசு வேண்டும். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்க வேண்டி வந்ததே அதனால்தான். அதற்கும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது.

பனங்காடு:
இருவரும் பர்சன்டைலை விட்டுவிட்டீர்கள். நீட்டில் தகுதிக்கு வேண்டியது 50 பர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் பாதிப் பேரை எட்டினால் போதும்; 50 சதவீத மார்க் அல்ல. 2025-ல் பொதுப்பிரிவுக்கு அது 720-க்கு 144, அதாவது 20 சதவீதம். அந்த மார்க்குக்கு அரசுக் கல்லூரி எட்டாது. பணம் கட்ட முடிந்தவர் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். அதைவிட நல்ல மார்க் எடுத்த ஏழைப் பிள்ளை வெளியே நிற்கிறது.

மலைக்காற்று:
அந்த ஓட்டையை அடைக்க வேண்டும், சரி. பிளஸ் டூவைச் சேர்த்தால் அடையுமா? ஒரு பாடத்தின் 100 மார்க்கில் செய்முறை 20, அகமதிப்பீடு 10. மார்க்கை வாரி வழங்கும் பள்ளி தன் பிள்ளைகளின் ரேங்க்கை ஏற்றிவிடும். மாநில வாரியம், சி.பி.எஸ்.இ. என்று வேறு வேறு போர்டு மார்க்கை எப்படிச் சமன் செய்வது? பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் 2013 முதல் 2016 வரை போர்டு மார்க்குக்கு 40 சதவீதம் கொடுத்துப் பார்த்தார்கள், 2017-ல் கைவிட்டார்கள்.

வைகைக்கரை:
அகமதிப்பீட்டையும் செய்முறையையும் விட்டுவிடுங்கள். 70 மார்க் எழுத்துத் தேர்வை மட்டும் எடுத்து, அந்தந்த போர்டுக்குள் பர்சன்டைல் போட்டால் உங்கள் இரண்டு ஆட்சேபமும் போய்விடும்.

மலைக்காற்று:
முதலாவது போகும். இரண்டாவது போகாது. ஒரு போர்டில் எழுதுவோர் பல லட்சம், இன்னொன்றில் சில ஆயிரம். இரண்டிலும் 99 பர்சன்டைல் ஒரே தரம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?